தரவையில் மாடு மேய்ந்தால் எறும்புக்கு என்ன ஆகும்?

கேள்வி: தரவைக்காரி

எல்லாருக்கும் வணக்கம். நான் வன்னியில், துணுக்காய்ப் பக்கத்தில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். அப்பா பட்டி வைத்திருந்தவர். இப்போது தம்பியிடம் இருபத்தெட்டு மாடு நிற்கிறது. அதனால் நான் கேட்கப்போவதில் படிப்பும் இருக்கிறது, வீட்டுப் பிழைப்பும் இருக்கிறது.

எங்கள் வளவுக்குப் பின்னால் தரவை, அதாவது ஊர் மாடு மேயும் புல்வெளி. அதன் ஓரத்தில் சித்தப்பாவின் இரண்டு ஏக்கர் காணி. அவர் 2016இல் முள்ளுக்கம்பி அடித்துவிட்டுக் குடும்பத்தோடு வெளிநாடு போனார். அதற்குப் பிறகு உள்ளே ஒரு மாடும் கால் வைத்ததில்லை. கம்பியடியில் நின்று பார்த்தால் இரண்டு ஊர் மாதிரி இருக்கும். இந்தப் பக்கம் ஒட்ட மேய்ந்த அறுகும் வெறும் மண்ணும். அந்தப் பக்கம் இடுப்பளவு புல், விடத்தல், நாயுண்ணி, நடுவில் ஆளுயரத்துக்கு இரண்டு பாலைக் கன்று.

ஆகஸ்ட் விடுமுறையில் மாணவர்கள் எட்டுப் பேரோடு ஒரு வேலை செய்தோம். கழுவிய யோகட் கப் இருபது எடுத்து, கம்பிக்கு உள்ளே பத்தும் வெளியே பத்தும் விளிம்பு நிலத்தோடு மட்டமாக வரும்படி புதைத்தோம். அரைக் கப் தண்ணீரில் கொஞ்சம் உப்பும் ஒரு துளி சவர்க்காரமும். இரண்டு நாள் கழித்துத் தூக்கினோம்.

வெளியே வைத்த கப்புகளில் எறும்பு கறுத்துக் கிடந்தது. ஒரு கப்பை எண்ண ஒரு பிள்ளைக்கு அரை மணித்தியாலம் பிடித்தது, அதிலும் பெரும்பாலும் ஒரே வகை, சிவந்த சின்ன எறும்பு. உள்ளே கப்புக்குப் பத்து, இருபது, அவ்வளவுதான். ஆனால் வகையைப் பார்த்தால் வெளியே ஆறு, உள்ளே பதினொன்று. பெயர் தெரியாதவற்றுக்குப் பிள்ளைகளே பெயர் வைத்தார்கள். தலை பெரிதாக உள்ளது பெருந்தலை. வயிறு பட்டுப்போல மின்னுவது பொன்வயிறு. தொட்டதும் காலை மடக்கிச் செத்ததுபோலக் கிடப்பது ஆமை.

வெளியே இன்னொன்றும் பார்த்தோம். சுண்டுவிரல் நுழையாத ஒரு துவாரம், அதைச் சுற்றிச் சாப்பாட்டுத் தட்டளவுக்கு உமி வட்டம். காலை ஏழு மணிக்குக் குந்தியிருந்து பார்த்தால் ஒவ்வோர் எறும்பும் தன்னைவிட நீளமான புல் விதையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வருகிறது. ஒன்று வாசலில் வைத்து விதையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே இழுத்தது. ஒன்பது மணிக்குப் பிறகு ஒன்றும் வெளியில் இல்லை.

இனி என் சிக்கல். பாலைவனங்களில் மேய்ச்சலால் எறும்புக் கூட்டம் மாறும் என்று படித்தேன். ஒரு கட்டுரை குறைந்தது என்கிறது, ஒன்று கூடியது என்கிறது, இன்னொன்று வித்தியாசமே இல்லை என்கிறது. பிள்ளைகள் அறிக்கையில் எதை எழுத? அதைவிட எனக்கு நோகிற விஷயம் ஒன்று உண்டு. எங்கள் ஊரில் நடந்த ஒரு கூட்டத்தில், மாடு மேய்ந்தால் தரவை பாலைவனமாகிவிடும், இதை மூடி மரம் நட வேண்டும் என்று ஒருவர் சொன்னார். என் கொப்பியில் இருபது கப்பின் கணக்கு இருந்தது. அது எங்களுக்குச் சார்பா எதிரா என்று தெரியாததால் நான் வாய் திறக்கவில்லை. தம்பி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: பட்டிவாசல்

பிள்ளை, நான் முழங்காவில் பக்கம். நாற்பது வருடம் மாட்டோடு திரிந்தவன். இதை மகள்தான் தட்டித் தருகிறாள்.

நீங்கள் கப் வைத்தது ஆகஸ்ட் மாதம். அந்த நேரம் தரவையில் மாடு எங்கே நிற்கிறது? தென்மேற்குச் சோளகக் காற்றில் புல்லெல்லாம் கருகிப் போயிருக்கும். மாடு குளத்து அலைகரையில் நிற்கும், இல்லையென்றால் வயல் தாளில் நிற்கும். தரவைக்கு மாடு ஏறுவது ஐப்பசியில், பெரும்போகத்துக்கு வயலில் விதை விழுந்த பிறகு. மாசியில் அரிவி வெட்டி முடியும் மட்டும் அங்கேதான் கிடை. அந்த மாதங்களில்தான் புல்லும் பூத்து விதை பிடிக்கிறது. மாடு வாய் வைப்பது கதிரில். உங்கள் விதை தூக்கும் எறும்புக்கு எது மிஞ்சும் என்பது மார்கழி, தையிலேயே முடிந்துவிடும். ஆகஸ்டில் நீங்கள் பார்த்தது மிச்சத்தை.

இன்னொன்று. காய்ந்த சாணகத்தை ஒரு தடியால் புரட்டிப் பாருங்கள். அடியில் கறையான் பிடித்திருக்கும். கறுத்த எறும்பு வரிசையாக வந்து அந்தக் கறையானைக் கவ்விக்கொண்டு போவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மாடு இல்லாத உங்கள் சித்தப்பா காணிக்குள் அது கிடைக்காது. பட்டி மாறிய இடமும் அப்படித்தான். பட்டியைத் தூக்கி நாலைந்து வருடம் போனாலும் மண் கறுப்பாகவே இருக்கும், முதல் மழைக்குக் கீரை அங்கேதான் முதலில் முளைக்கும். அந்த இடத்து எறும்பு வேறு. பெயர் எனக்குத் தெரியாது, ஆனால் காலில் ஏறினால் தெரியும்.

கூட்டத்தில் கதைத்தவர் ஒரு மாரி முழுக்கத் தரவையில் நின்று பார்த்துவிட்டுக் கதைத்திருக்கலாம்.

பதில்: வறள்நிலம்

ரீச்சர், நான் நெடுங்கேணியில் பிறந்தவன். இப்போது அவுஸ்திரேலியாவின் வட பிரதேசத்தில் மேய்ச்சல் நிலங்களில்தான் வேலை. ஐயா சொன்னதை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள், பருவத்தை விட்டுவிட்டு மேய்ச்சலைப் பற்றி ஒன்றும் பேச முடியாது.

மாடு எறும்பைத் தின்பதில்லை. குளம்பு பட்டுப் புற்றின் வாய் இடிந்தாலும் அடுத்த நாள் திருத்திவிடும், ஏனென்றால் குடி இருப்பது ஆழத்தில். மாடு எடுப்பது நிழலை, சருகை, விதையை. மண்ணின் மேல்தோலையும் மிதித்து இறுக்குகிறது. நிழல் போனால் தரையின் சூடு ஏறும். அந்தச் சூட்டில் ஓடக்கூடிய எறும்பு பெருகும், சருகுக்குள் ஒளிந்து வாழ்வது விலகும். சூடு தாங்குவதில் எறும்புக்கு எறும்பு எவ்வளவு வித்தியாசம் என்பதற்குச் சகாராவின் வெள்ளி எறும்பு ஒன்றே போதும். உடம்பு 50 பாகை செல்சியசைத் தாண்டியும் உயிரோடு ஓடும். மற்ற உயிரெல்லாம் ஒதுங்கிய நடுப்பகலில் வெளியே வந்து, சூட்டில் செத்த பூச்சிகளைப் பொறுக்கிக்கொண்டு சில நிமிடத்தில் திரும்பிவிடும். உங்கள் விதை எறும்பு ஒன்பது மணிக்கு வாசலைச் சாத்துகிறது. ஒரே நிலம் ஒன்றுக்கு அடுப்பு, இன்னொன்றுக்கு முற்றம்.

அதனால்தான் இங்கே அலன் அண்டர்சன் என்ற ஆய்வாளர் எறும்புகளை இனப்பெயரோடு நிறுத்தாமல், நிலத்தில் அவை வகிக்கும் பங்கின்படி குழுக்களாகப் பிரித்தார். வெயிலில் ஆதிக்கம் செய்பவை, சூட்டுக்கென்றே பழகியவை, மண்ணுக்குள் மறைந்து வாழ்பவை, குழம்பிய நிலத்தில் சந்தர்ப்பம் பார்த்து நுழைபவை என்று அது போகும். எத்தனை வகை என்ற எண் மாறாமலே இருக்கும்போது யார் யார் என்பது தலைகீழாக மாறியிருக்கும். கட்டுரைகள் ஒன்றோடொன்று முரண்படுவதாக உங்களுக்குத் தோன்றுவதற்குப் பாதிக் காரணம் இது. ஒருவர் வகையை எண்ணுகிறார், இன்னொருவர் தலையை எண்ணுகிறார், மூன்றாமவர் யார் வீட்டில் யார் இருக்கிறார் என்று பார்க்கிறார்.

மறு பாதிக் காரணம் மண். அமெரிக்காவில் நியூ மெக்சிக்கோவின் தெற்கிலும் அரிசோனாவின் தென்கிழக்கிலும் 44 இடங்களில் விற்ஃபோர்ட் குழுவினர் உங்களைப் போலவே குழிப்பொறி வைத்து எடுத்த ஆய்வு 1999இல் வந்தது. மோசமாகச் சிதைந்த இடத்துக்கும் பாதுகாத்த இடத்துக்கும் எறும்பில் பெரிய வித்தியாசம் இல்லை, அங்கே எறும்பை வைத்து நிலத்தின் நலத்தை அளப்பது சரிவராது என்று எழுதினார்கள். 2001இல் பெஸ்டல்மையரும் வீன்சும் அரைவறள் நிலங்களில் பார்த்தபோது, மேய்ச்சல் செய்த மாற்றத்தைவிட நிலத்தின் இயற்கையான வேறுபாடு செய்த மாற்றம் பெரிதாக இருந்தது. இதைப் படித்துவிட்டு மேய்ச்சலால் ஒன்றும் ஆகாது என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். அதே நியூ மெக்சிக்கோவில், 1912இல் தொடங்கிய ஹோர்னாடா ஆய்வு நிலத்தைச் சுற்றி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் புல்வெளியாக இருந்த பெரும்பரப்பு இன்று முட்பற்றையும் இடையில் வெறும் மண்ணுமாகக் கிடக்கிறது. அளவுக்கு மீறிய மாடும் வறட்சியும் சேர்ந்து செய்த வேலை அது. அங்கே வருடத்துக்கு மழை 250 மில்லிமீற்றர் அளவு.

வன்னியில் 1,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது, அதில் பெரும்பகுதி ஒரே வாடைக் காலத்தில். கூட்டத்தில் சொன்ன பாலைவனக் கதை இங்கே தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். பாலைவனத்தில் மாட்டை விலக்கினாலும் பெரும்பாலும் பத்து வருடத்தில் நிலம் பெரிதாக அசைய மாட்டாது. உங்கள் சித்தப்பா காணியில் பாலைக் கன்று ஆளுயரம் வந்துவிட்டது. அது மேயாத தரவை என்று நினைக்காதீர்கள், காடாக மாறிக்கொண்டிருக்கும் நிலம் அது. அதற்குள் நீங்கள் பார்த்த பதினொன்றில் சில காட்டு எறும்பு. வெளியே உள்ள ஆறில் சில வெயிலும் வெட்டையும் இருந்தால்தான் வாழும். பொன்வயிறும் ஆமையும் அப்படிப்பட்டவை. கம்பி எல்லா இடத்தையும் மூடினால் அவை போய்விடும்.

இப்போது கப் விஷயம். இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். குழிப்பொறியில் விழுவது ஓடும் எறும்புதான். வெறும் தரையில் எறும்பு தடையில்லாமல் ஓடும், அடர்ந்த புல்லுக்குள் ஒவ்வொரு தாளிலும் ஏறி இறங்கும். அதனால் எறும்பு சமமாக இருந்தாலும் வெளிக் கப்பில் கூட விழும். அப்புறம், புதிதாகக் கிளறிய மண் முதல் சில நாள் எறும்பை இழுக்கும். புதைத்த கப்பை ஒரு கிழமை மூடி வைத்துவிட்டுத்தான் திறக்க வேண்டும். ஒரு புற்றுக்குப் பக்கத்தில் ஒரு கப் அமைந்துவிட்டால் உங்கள் கூட்டுத்தொகை முழுவதையும் அது தின்றுவிடும். ஆகவே தலையை எண்ணாதீர்கள். ஒரு வகை பத்துக் கப்பில் எத்தனை கப்பில் வந்தது என்று எழுதுங்கள். உள்ளேயும் வெளியேயும் மண் ஒன்றுதானா என்றும் தோண்டிப் பாருங்கள்.

கடைசியாக, அந்தச் சிவந்த சின்ன எறும்பு. ஒரே வகையில் சிறிதும் பெரிதுமாக ஆட்கள் இருக்கிறதா? பெரியதன் தலை சதுரமாக, நடுவில் பிளந்ததுபோல இருக்கிறதா? நுணுக்குக்காட்டியில் உணர்கொம்பை எண்ணுங்கள். பத்துக் கணு வந்து, கடைசி இரண்டும் தடித்திருந்தால் அது நெருப்பெறும்பு. அமெரிக்க வெப்ப நாட்டு எறும்பு அது. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியக் கப்பல்கள் மெக்சிக்கோவின் அக்கபுல்கோவிலிருந்து மணிலாவுக்குப் போகத் தொடங்கிய வழியில்தான் உலகம் சுற்றியது என்று அதன் மரபணுவை ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். வீதி ஓரம், வளவு, தோட்டம் என்று ஆள் கிளறிய நிலம் எல்லாம் அதற்குப் பிடிக்கும். விதையும் சேர்க்கும், ஆகவே உங்கள் உமி வட்டத்துக்காரரையும் ஒருமுறை சோதியுங்கள். உங்கள் கணக்கில் வெளியே கூடிப்போன எறும்பு அதுதான் என்றால், அதற்கு மாட்டைக் காரணம் சொல்ல முன் யோசிக்க வேண்டும்.

பதில்: அக்கராயன் வயல்

நான் விவசாயி. மேய்ச்சல் பற்றித் தெரியாது. எறும்பு நிலத்தில் இருந்தால் எங்களுக்கு என்ன பயன் என்று யாராவது சொல்ல முடியுமா? விதைத்த குரக்கனைத் தூக்கிக்கொண்டு போவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

பதில்: வறள்நிலம்

அண்ணை, அதுவும் உண்மை. ஆனால் மேற்கு அவுஸ்திரேலியாவின் வறண்ட கோதுமை நிலத்தில் எறும்பும் கறையானும் இருந்த பாத்தியையும் அவற்றை அகற்றிய பாத்தியையும் ஒப்பிட்டார்கள். இருந்த பாத்தியில் விளைச்சல் 36 வீதம் கூட. அவை துளைத்த வழியால் மழைத் தண்ணீர் மண்ணுக்குள் கூட இறங்கியது, மண்ணில் நைதரசனும் கூடியது. 2011இல் வெளிவந்த ஆய்வு அது. உழாத நிலத்தில் துவாரம் நிலைக்கும், எங்கள் உழவில் அடிக்கடி உடைந்துவிடும். வரம்பில் உள்ள புற்றை மட்டும் மண்ணெண்ணெய் ஊற்றாமல் விட்டுப் பாருங்கள்.

பதில்: தரவைக்காரி

மன்னிக்க வேண்டும், பதில் எழுத ஐந்து மாதம் ஆகிவிட்டது. எல்லாவற்றையும் திரும்பச் செய்த பிறகே எழுத வேண்டும் என்று இருந்தேன்.

பட்டிவாசல் ஐயா, நீங்கள் சொன்னதை வாசித்த அன்று தம்பியிடம் கேட்டேன். "ஆகஸ்டில் எங்கட மாடு தரவையிலயா நிக்குது அக்கா?" என்று அவன் திருப்பிக் கேட்டான். தெரிந்த விஷயம்தான். ஆனால் கொப்பியை எடுத்தபோது அதை நான் நினைக்கவே இல்லை. எனவே இந்த முறை தை மாதம், மாடு தரவையில் நிற்கும்போதே வைத்தோம்.

முதலில் மண். அலவாங்கால் பதினாறு இடத்தில் கிண்டினோம். சித்தப்பா காணியின் வடக்குப் பாதி களி. வெளியே நாங்கள் ஆகஸ்டில் கப் வைத்த இடமெல்லாம் மேட்டுச் செம்மண். அதாவது களியையும் செம்மண்ணையும் ஒப்பிட்டுவிட்டு அதற்கு மேய்ச்சல் என்று பெயர் வைத்திருந்தோம். இதைக் கண்டதும் மாணவி ஒருத்திக்கு அழுகை வந்துவிட்டது, அவள்தான் அத்தனையும் எண்ணியவள். இந்த முறை தெற்குப் பாதியில், கம்பியின் இரண்டு பக்கமும் ஒரே செம்மண் வரும் இடத்தில், பன்னிரண்டு சோடிக் கப். ஒரு கிழமை மூடி வைத்து, இடையில் ஒரு மழையும் பெய்து வடிந்த பிறகு திறந்தோம்.

உணர்கொம்பை எண்ணினோம். பத்துக் கணு. நெருப்பெறும்புதான். ஆனால் பன்னிரண்டு வெளிக் கப்பில் அது வந்தது நான்கில் மட்டும். அந்த நான்கும் எங்கள் வளவுக்கும் கிறவல் பாதைக்கும் கிட்ட உள்ளவை. தரவைக்குள் போகப்போக அது இல்லை. ஆகஸ்டில் பிள்ளைகள் வெயிலுக்குப் பயந்து எல்லாக் கப்பையும் வளவோரமாகவே வைத்திருந்தார்கள், நானும் விட்டிருந்தேன். உமி வட்டத்து எறும்பு வேறு. அதற்குக் கணு பத்துக்கு மேல், உடம்பும் கருமை. தரவையின் நடுவில் ஏழு கப்பில் வந்தது, உள்ளே ஒன்றில்கூட வரவில்லை.

வகைக் கணக்கு இப்போது வெளியே ஒன்பது, உள்ளே பத்து. இரண்டு பக்கமும் வந்தவை நான்குதான். இதைத்தான் அறிக்கையில் எழுதினோம். ஒரு மாரி, ஒரு கம்பி என்பதையும் எழுதினோம்.

அடுத்த கூட்டத்தில் நான் எழும்பிக் கதைத்தேன். தரவையின் நடுவில் இருப்பவை காட்டில் வாழாத எறும்புகள் என்றும், தரவையை மூடினால் அவை போய்விடும் என்றும், வீதியோரமும் வளவோரமும்தான் உண்மையில் கெட்டுக் கிடக்கிறது என்றும் சொன்னேன். மாடு கூடினால் கெடாது என்று நான் சொல்லவில்லை. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி ஒரு புல்லும் இல்லாமல் கிடப்பதை நானே சொன்னேன். ஒருவரும் உடனே ஒன்றும் முடிவெடுக்கவில்லை. கப்பில் இருந்த உமி வட்டத்து எறும்பைக் கைவில்லையால் பார்க்க இரண்டு பேர் பிறகு வந்தார்கள்.

வறள்நிலம் அண்ணா, தலையை எண்ணாமல் கப்பை எண்ணச் சொன்னீர்களே, அதற்கு மிகவும் நன்றி. பிள்ளைகளுக்குப் பாதி நேரம் மிச்சம். தண்ணீர்த் தொட்டியிலிருந்து தூரம் கூடக்கூட எறும்பு எப்படி மாறுகிறது என்று பார்க்க ஆசை. எத்தனை மீற்றருக்கு ஒரு கப் வைக்கலாம்?

ஐயா, சாணகத்தையும் புரட்டினோம். கறையானைக் கவ்விக்கொண்டு போன கறுத்த எறும்பு வரிசை பதினொரு அடி நீளம், பிள்ளைகள் அளந்தார்கள். பட்டி மாறிய அந்தக் கறுத்த மண்ணையும் பார்க்க வேண்டும். எட்டுப் பிள்ளைகள், நான், இருபத்துநான்கு கப். மாசி முடிய முன் ஒரு சனிக்கிழமை முழங்காவிலுக்கு வந்தால் இடத்தைக் காட்டுவீர்களா?